கூரைச் சந்துகளில் உண்டாகும் ஒழுக்கும் அதைத் தடுக்கும் முறையும்

நெல்லை அறுத்து, அடித்து, தூற்றி, உலர்த்திக் களஞ்சியத்திற் சேர்த்தவுடன் அந்தப் போகத்தின் கவலை தீர்ந்ததென்று விவசாயி எண்ணுவது இயற்கையே. ஆயினும் களஞ்சியத்தின் மேலிருக்கும் கூரை சரியாக இல்லாவிடில் அக்கவலை தீருவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பெய்யும்போது வீட்டில் இருப்பவை எவையென்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அப்பொழுதுதான் அறுத்து முடிந்த குறுவை நெல், மானாவாரிப் புன்செயிலிருந்து வந்த நிலக்கடலை, அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைத்த விதை, சம்பாப் பயிருக்கு மேலுரமாக இடவேண்டிய உர மூட்டைகள் ஆகிய யாவும் ஒரே கூரையின்கீழ் அடங்கியிருக்கின்றன. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி இப்பருவத்துக்குள்ளேயே பெய்துவிடுகிறது. ஆகையால் ஆண்டு முழுவதும் தெரியாதிருந்த சிறு பழுது, பண்டம் மிகுந்திருக்கும் அதே காலத்தில் வெளிப்படுகிறது.

களஞ்சியத்தில் சேர்க்கும் நெல்லில் நூற்றுக்கு 14 பங்குக்கு மேல் ஈரம் இருத்தலாகாது. விதை நெல்லாயின் 13 பங்கே எல்லை. வெயிலில் நாட்கணக்கில் உலர்த்திப் பெற்ற இந்த நிலையைக் கூரையிலிருந்து சொட்டும் நீர் ஓரிரவில் கெடுத்துவிடும். அடுக்கின் நடுவிலுள்ள ஒரு மூட்டை நனைந்தால், அது புழுங்கிச் சூடேறி, அடுத்தடுத்த மூட்டைகளையும் கெடுக்கும். வெளியே பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. முடைநாற்றம் எழும்போதுதான் தெரியும். நிலக்கடலையில் இத்தீங்கு இன்னும் பெரிது. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. ஆராய்ந்தபோது, அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணத்தால் உண்டான விஷமே காரணமென்று புலப்பட்டது. அஃப்ளடாக்ஸின் என்று அதற்குப் பெயரிட்டனர். ஈரம் பட்ட கடலையிற் பூக்கும் அந்தப் பூஞ்சணம் நம் ஊர்க் களஞ்சியங்களுக்கும் புதிதன்று. நனைந்து பூத்த கடலையை உலர்த்திவிட்டாலும் விஷம் நீங்குவதில்லை என்பதைக் கருதினால், கூரை ஒழுக்கை வீட்டுச் சில்லறை வேலையாக எண்ணித் தள்ளிப்போடுவது தகாதென்பது விளங்கும்.

ஒழுகும் இடம் எது?

கூரை ஒழுகுகிறதென்றால் ஓடு உடைந்திருக்கும் என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். உடைந்த ஓட்டை மாற்றியும் ஒழுக்கு நிற்காவிடில் எல்லா ஓடுகளையும் பிரித்து மாற்றி வேய்வதுமுண்டு. இது வீண் செலவாய் முடிவதே அதிகம். 1865-ல் மங்களூரில் பாசல் மிஷனார் முதல் ஓட்டுத் தொழிற்சாலையை ஏற்படுத்திய நாள்முதல் பரவிய சீமை ஓடு, ஒன்றோடொன்று கவ்விப் பூட்டிக்கொள்ளும்படி அமைந்தது. தக்க சரிவில் வேயப்பட்டால் ஓட்டுப் பரப்பின் நடுவில் நீர் புகுவது அருமை. நாட்டு ஓட்டுக் கூரையிலும், குரங்குகள் நடமாடாத ஊராயின், நடுப்பரப்பு பெரும்பாலும் மோசம் செய்வதில்லை. நீர் புகுவது ஓடு முடிந்து வேறொன்று தொடங்கும் சந்துகளிலேயாம். தாழ்வாரக் கூரையின் மேல்விளிம்பு சுவரைத் தொடும் இடம், கூரைச் சரிவின் பக்கம் உயர்ந்த சுவரோடு ஒட்டிச் செல்லும் இடம், இரண்டு சரிவுகள் உட்புறமாகக் கூடும் கூடல்வாய், சமையற்கட்டின் புகைபோக்கி கூரையைத் துளைத்து எழும் இடம் ஆகிய இவையே அச்சந்துகள்.

இந்தச் சந்துகளைச் சாதாரணமாக நம் ஊர்களில் சிமெண்டுக் கலவையால் அடைக்கிறார்கள். அடைத்த ஆண்டு ஒழுக்கு நிற்கும். மறு ஆண்டு மயிரிழை போன்ற வெடிப்பு தோன்றும். மூன்றாம் ஆண்டு பழைய இடத்திலேயே சொட்டும். கொத்தனார் மீண்டும் ஏறி, பழைய சிமெண்டின்மேல் புதுச் சிமெண்டை அப்பிவிட்டு இறங்குவார். இப்படி நான்கு முறை அப்பப்பட்டுக் கட்டியாய்த் திரண்டிருக்கும் சந்துகளைப் பல வீடுகளிற் காணலாம்.

இவ்வடைப்பு நிலைக்காததற்குக் காரணம் யாதெனில், சுவர் நிற்பது, கூரை அசைவது என்பதேயாகும். கைமரமும் ரீப்பரும் மழைக்காலத்தில் ஈரத்தை ஏற்றுப் பருக்கின்றன, கோடையில் வற்றிச் சுருங்குகின்றன. காற்று வீசும்போது கூரை முழுவதுமே சிறிது ஏறி இறங்குகிறது. தகரக் கூரையாயின் வெயிலிலும் நீளும். 6 மீட்டர் நீளமுள்ள இரும்புத் தகடு, விடியற்காலைக் குளிருக்கும் நடுப்பகல் வெப்பத்துக்கும் இடையே 40 டிகிரி வேறுபாட்டில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். நாள்தோறும் இவ்வாறு நகரும் ஒன்றையும், நகராத சுவரையும் கல்போல் இறுகும் சிமெண்டால் பிணைத்தால், சிமெண்டு விரிசல் விட்டே தீரும். அந்த விரிசலின் வாய் மேல்நோக்கியிருப்பதால், சுவரில் வழிந்துவரும் நீர் முழுவதையும் அதுவே வாங்கி உள்ளே விடுகிறது. பழைய சுண்ணாம்புக் காரை சற்று நெகிழ்ந்து கொடுக்கும் குணமுடையதாகையால் இதைவிட நெடுநாள் நின்றது. ஆயினும் அதுவும் முடிவான பரிகாரம் அன்று.

தகட்டின் தத்துவம்

சந்தைப் பிணைத்து அடைப்பதற்குப் பதிலாக அதன்மேல் ஒரு தகட்டைக் குடைபோல் கவிழ்த்து, நீர் சந்தை அணுகாமலே ஓட்டின்மேல் வழிந்தோடச் செய்வதே தக்க முறையாகும். இத்தகட்டை எஞ்சினீயர்கள் பிளாஷிங் என்பர். இதில் அறியவேண்டிய தத்துவம் ஒன்றே. தகடு இரண்டு பாகமாக இருத்தல் வேண்டும். கீழ்த்தகடு கூரையைச் சேர்ந்தது. சுவரோரமாக மேல்நோக்கி மடிந்து நிற்கும், ஆனால் சுவரில் அறையப்படாது. மேல்தகடு சுவரைச் சேர்ந்தது. சுவரில் வெட்டிய காடியிற் செருகப்பட்டு, கீழ்த்தகட்டின் மடிப்பை மூடித் தொங்கும், ஆனால் கூரையிற் பிணைக்கப்படாது. கூரை அசையும்போது கீழ்த்தகடு மேல்தகட்டினுள் நழுவிக்கொள்ளும். எதுவும் வெடிப்பதற்கில்லை.

நம் ஊர்க் கட்டடங்களில் இது அரிதாயிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. சுவர் கொத்தனாருடையது, மரமும் ஓடும் தச்சருடையது, தகடு தகர வேலைக்காரருடையது. சந்து இம்மூவரில் ஒருவருக்கும் உரியதன்று. ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வாரென்று விட்டுச் செல்ல, கடைசியில் இறங்குபவர் ஒரு சட்டிக் கலவையை அப்பிவிட்டுப் போகிறார். வீட்டுக்காரர் இவ்வேலையை இன்னார் செய்யவேண்டுமென்று முன்னதாகவே பேசிக் கூலி தீர்த்துக்கொள்வது நலம்.

தகடு அமைக்கும் விதம்

நாகப்பூச்சுள்ள இரும்புத் தகடு, 0.6 மில்லிமீட்டருக்குக் குறையாத கனமுடையது, இவ்வேலைக்கு எளிதிற் கிடைப்பதும் போதுமானதுமாகும். மண்ணெண்ணெய்த் தகரத்தைப் பிரித்துத் தட்டி வைப்பது பழைய வழக்கம். அது சில மழைகளிலேயே துருப்பிடித்துச் சல்லடையாகிவிடும். அலுமினியத் தகடு துருவேறாது, ஆனால் ஈரமான சிமெண்டும் சுண்ணாம்பும் அதை அரிக்கும். அதைக் காடியிற் செருகும் இடத்தில் தார் பூசியே செருகவேண்டும். செம்புத் தகட்டின்மேல் ஓடிவரும் நீர் நாகப்பூச்சைத் தின்றுவிடுமாதலால் இவ்விரண்டையும் ஒரே ஓட்டத்தில் மேலும் கீழுமாக வைத்தல் கூடாது. ஈயத்தகடு எவ்வடிவத்துக்கும் வளைந்து கொடுப்பது உண்மையே. எனினும் 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபின் கூரை நீரைத் தொட்டியிற் பிடித்துக் குடிப்பவர் பலராகையால், அத்தகைய வீடுகளில் ஈயத்தை விலக்குவதே பத்திரம்.

தாழ்வாரக் கூரையின் மேல்விளிம்பு சுவரைத் தொடும் இடத்துக்கு வேலை எளிது. ஓட்டிலிருந்து 15 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரத்தில், செங்கல் வரியின் இடைக்காரையைச் சுரண்டி 2.5 சென்டிமீட்டர் ஆழமுள்ள காடி எடுக்கவேண்டும். மேல்தகட்டின் விளிம்பை அதே அளவுக்கு மடித்துக் காடியிற் செருகி, தகட்டுத் துண்டுகளைச் சுருட்டி அரை மீட்டருக்கு ஒன்றாக ஆப்பாக இறுக்கிய பின்பே காரை பூசவேண்டும். ஆப்பின்றிக் காரையை மட்டும் நம்பினால் முதற்காற்றிலேயே தகடு பிடுங்கிக்கொண்டு தொங்கும். கீழ்த்தகடு ஓட்டின்மேல் 15 சென்டிமீட்டராவது படர்ந்திருக்கவேண்டும். தகடுகளை 2 மீட்டருக்கு மேற்படாத துண்டுகளாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று 10 சென்டிமீட்டர் ஏறும்படி வைப்பது முறை. நீளமாக ஒரே தகட்டை வைத்து முடுக்குவது பார்வைக்கு அழகாயிருப்பினும், வெயிலில் நீள இடமின்றி நடுவில் உப்பி எழும்.

புதிதாகச் சுவர் எழுப்புவோர்க்கு இதனினும் மலிவான உபாயம் ஒன்றுண்டு. சந்துக்கு ஒரு சாண் மேலே ஒரு செங்கல் வரியை 5 சென்டிமீட்டர் வெளியே பிதுங்கும்படி வைத்துக் கட்டி, அதன் அடிப்புறத்தில் சிறு வரிப்பள்ளம் இட்டுவிட்டால், சுவரில் வழியும் நீர் சந்தைத் தாண்டி ஓட்டின்மேல் சொட்டும்.

கூரைச் சரிவின் பக்கம் சுவரோடு ஒட்டிச் செல்லும் இடத்தில் கீழ்த்தகடு ஓட்டின்மேலன்றி ஓட்டின் அடியிற் செல்லவேண்டும். சுவரோரமாக 15 சென்டிமீட்டர் மேலே மடித்து, ஓட்டின்கீழ் 15 சென்டிமீட்டர் உட்செலுத்தி, அந்த உள்விளிம்பையும் மேல்நோக்கி மடக்கிவிட்டால், அது மறைவான வாய்க்காலாகி நீரை இறவானத்துக்குக் கொண்டு சேர்க்கும். விளிம்பை மடக்காமல் விட்டால் நீர் பக்கவாட்டில் பரவி ரீப்பரில் ஏறிவிடும். இவ்வொரு மடிப்பைத் தகர வேலைக்காரர் அநாவசியமென்று சொல்லக்கூடும், விடலாகாது.

கூடல்வாயின் தொல்லை

எல்லாச் சந்துகளிலும் அதிகப் பழுதுக்கு இடமாவது கூடல்வாய். காவிரிப் படுகையிலும் செட்டிநாட்டிலும் முற்றம் வைத்துக் கட்டிய வீடுகளில், முற்றத்தைச் சுற்றி நான்கு மூலைகளிலும் இது உண்டு. இரண்டு சரிவுகளின் நீர் முழுவதும் ஒரே கோட்டில் வந்து சேர்கிறது. 40 சதுர மீட்டர் கூரையின்மேல் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 4,000 லிட்டர் நீராகும். அவ்வளவும் ஒரு முழ அகலமுள்ள தகட்டின்மேல் ஓடவேண்டியிருக்கிறது. ஓடுகளை இருபுறமும் நெருக்கி வைத்து நடுவே விரலளவு இடைவெளி விட்டிருப்பதைப் பல வீடுகளிற் காணலாம். அவ்விடைவெளியில் ஒரு வேப்பங்கொத்து விழுந்தால் போதும், நீர் தேங்கி, தகட்டின் விளிம்பைக் கடந்து உள்ளே பாயும். நடுவே 10 முதல் 15 சென்டிமீட்டர் வரையில் திறந்த ஓட்டம் விட்டு, இருபுறமும் தகடு ஓட்டின்கீழ் 15 சென்டிமீட்டராவது செல்லவேண்டும். ஆணிகளைத் தகட்டின் இரு வெளிவிளிம்புகளில் மட்டுமே அறையவேண்டும். நடு ஓட்டத்தில் அறைந்த ஆணி ஒவ்வொன்றும் நாளடைவில் ஒரு துவாரமாகும்.

புளி, மா, வேம்பு முதலிய மரங்கள் கூரைமேற் கவிந்திருந்தால் கூடல்வாய் இரு மடங்கு விரைவில் கெடும். மக்கிய இலை ஈரத்தை விடாமல் பிடித்து நாகப்பூச்சை அரிக்கிறது. அணில் அங்கே பஞ்சும் நாரும் சேர்த்துக் கூடு கட்டுகிறது. கிளையை வெட்ட மனமில்லாதோர் மாதம் ஒரு முறை தென்னந்துடைப்பத்தால் கூட்டிவிடவாவது வேண்டும். பறவையின் எச்சத்திலிருந்து சந்தில் முளைக்கும் அரசு, ஆல் கன்றுகளை இரண்டிலை விட்டபோதே வேரோடு பிடுங்கவேண்டும். தண்டை மட்டும் ஒடித்துவிட்டால் வேர் உள்ளே பருத்துச் சுவரைப் பிளக்கும். தெய்வ மரமென்று தயங்குவோர் கன்றைப் பெயர்த்து ஏரிக்கரையில் நடலாம். அங்கே அது நிழல் தரும்.

புகைபோக்கியைச் சுற்றித் தகடு வைக்கும் முறை மேற்சொன்னதே. மேற்புறத்தில் நீர் தேங்காதபடி தகட்டைச் சிறு முகடுபோல் மடித்துவிடுதல் மட்டும் அதிகப்படி. மாடி வீடுகளிலும் கூட்டுறவுச் சங்கக் கிடங்குகளிலும் தளமும் கைபிடிச்சுவரும் சேரும் மூலையைச் சுண்ணாம்புக் காரையால் உருட்டிப் பூசி, தளத்தின் மேல்பூச்சைச் சுவரில் ஒரு சாண் உயரம் ஏற்றி முடிக்கவேண்டும்.

பார்வையிடும் காலமும் பழுது காணும் விதமும்

ஆடிக்காற்று ஓடுகளையும் தகடுகளையும் அசைத்துவிட்டுப் போயிருக்கும். ஆகையால் ஆவணியிலாவது புரட்டாசி முற்பாதியிலாவது கூரையைப் பார்வையிடுதல் உசிதம். தென்மேற்குப் பருவமழையும் வலுத்துப் பெய்யும் குமரி மாவட்டத்திலும் மலையடிவாரங்களிலும் சித்திரை மாதமே இதற்கு ஏற்றது. கடற்கரை ஊர்களில் புயலடித்த மறுநாளே பார்ப்பது அவசியம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்ததுபோன்ற சமயங்களில், ஓடு பறக்காத வீடுகளிலும் விளிம்புத் தகடுகள் நெகிழ்ந்திருக்கும்; அடுத்த மழை அதைக் காட்டிக்கொடுக்கும் வரையில் காத்திருத்தல் தகாது.

ஒழுகும் இடம் வேறு, நீர் புகும் இடம் வேறு என்பதை மறத்தலாகாது. மேலே சந்தில் புகுந்த நீர் கைமரத்தின் அடிவழியே வழிந்து இரண்டு மூன்று மீட்டர் கீழே சொட்டும். கறையைக் கண்டால் அதற்கு நேர்மேலுள்ள ஓட்டை மாற்றுவதை விட்டு, கைமரத்தைப் பற்றி மேல்நோக்கித் தேடிச் செல்லவேண்டும். ஐயமாயின் வெயில் நாளில் ஒருவர் உள்ளே விளக்குடன் நிற்க, மற்றொருவர் மேலே குடத்து நீரைக் கீழ்ச்சந்தில் முதலில் ஊற்றி, சிறிது சிறிதாக மேலே செல்லலாம். எவ்விடத்தில் ஊற்றும்போது உள்ளே சொட்டுகிறதோ அங்கே கரியால் அடையாளமிடலாம். மேலிருந்து ஊற்றத் தொடங்கினால் எல்லாச் சந்தும் ஒருங்கே நனைந்து ஒன்றும் புலப்படாது.

தகட்டில் ஓரிரண்டு துவாரங்களே இருந்தால், துருவைக் கம்பித்தூரிகையால் தேய்த்து, அதே உலோகத்துண்டை வைத்து ஈயம் பற்றவைக்கலாம். துவாரங்கள் பலவாயின் ஒட்டுவேலை வீண், தகட்டையே மாற்றவேண்டும். கடைகளில் இப்போது கிடைக்கும் தார்ப்பட்டையும் சிலிக்கோன் பசையும் மழை நடுவே நேர்ந்த ஆபத்துக்கு உதவும். அவை வெயிலில் சில ஆண்டுகளிலேயே உரிந்துபோவதால் தகட்டுக்கு ஈடாகா. காடியிலிருந்து மேல்தகடு நழுவியிருந்தால் பழைய காரையை முழுதும் சுரண்டி, ஆப்பை மீண்டும் இறுக்கிப் பூசவேண்டும். மேலே பூசி மறைப்பதால் பயனில்லை.

இவ்வேலைக்கு ஏறுவோர் ஓட்டின்மேல் நேரே காலூன்றலாகாது. கைமரங்களின்மேல் குறுக்கே கிடக்கும்படி பலகையிட்டு அதன்மேல் நடக்கவேண்டும். கல்நார் அட்டைக் கூரை கால்பட்டவுடன் உடைந்து ஆளைக் கீழே தள்ளும்; அதை அறுக்கும்போது எழும் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈரமான கூரையிலும், மின்கம்பி தாழச் செல்லும் இடத்திலும் ஆளை ஏற்றுவது கொடுமை. நனைந்த நெல்லை மறு போகத்தில் ஈடுசெய்துகொள்ளலாம்.

கிராம அலுவலர்களின் கவனத்துக்கும் இது உரியது. கணக்குகள் பல கணினியில் ஏறிவிட்ட இக்காலத்திலும், பழைய ‘அ’ பதிவேடும் புலப்படச் சுவடிகளும் பல ஊர்களில் கிராம அலுவலகத்து மர அலமாரியிலேயே இருக்கின்றன. அலமாரி பெரும்பாலும் சுவரையொட்டி, அதாவது சந்துக்கு நேர்கீழே வைக்கப்பட்டிருக்கிறது. ஈரம் ஏறிய சுவரைக் கறையான் நாடும். அங்கிருந்து காகிதத்துக்கு வர அதற்கு நெடுநாள் செல்லாது. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைப்பதற்குச் செலவில்லை. தகடு மாற்றுவதற்கு மதிப்பீடு தேவையாயின், கறை எங்கே, எந்தச் சந்திலிருந்து நீர் வருகிறது, எத்தனை மீட்டர் தகடு வேண்டும் என்ற விவரங்களோடு ஆவணியிலேயே மேலிடத்துக்கு எழுதிவிடவேண்டும். ‘கூரை ஒழுகுகிறது’ என்று மட்டும் கார்த்திகையில் எழுதினால், கோடையில் ஓடு மாற்ற ஆள் வரும். சந்து அப்படியே இருக்கும்.